பட்டியலில் இல்லாத சகலை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. ஒருவர் நலமா இல்லையா என்பது எதிரே இருக்கும் கதவு திறந்தால்தான் தெரியும். ஆகவே அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் வேலையும் நன்றாக நடக்கும். நடக்கட்டும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன முறை வந்திருந்தபோது, "அந்தப் பெரிய கண் ஆஸ்பத்திரி இல்ல மாமா, அவங்க வெப்சைட்டுக்கு ஃபார்ம் செஞ்சது எங்க கம்பெனிதான்" என்று சொன்னீர்கள். எனக்கு ஒரே பெருமை. தெருவில் யாரெல்லாம் நின்று கேட்டார்களோ அவர்களிடமெல்லாம் சொன்னேன். நிற்காதவர்களிடம் கூடவே நடந்து போய்ச் சொன்னேன். அவர்களில் ஒருவர்கூட இப்போது இந்த வராந்தாவில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

உள்ளே இருப்பவர் மாடி வீட்டுக்காரர், என் சகலை. உங்கள் மாமியாரின் அக்காவைக் கட்டியவர். அக்கா போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் தையல் மெஷினும் தானுமாக இருக்கிறார். உங்கள் கல்யாணத்தில் நான் வரவேற்பிலும் அவர் பந்தியிலுமாக நின்றதைக் கவனித்திருப்பீர்கள். பேச்சு வார்த்தை இல்லாமல் ஆறு வருடம். காரணத்தை நீங்கள் கேட்கவில்லை, பெரிய மனசு. நானே சொல்லிவிடுகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளன்று போட்டுக்கொள்ள ஒரு புது பேண்ட் தைக்கக் கொடுத்தேன். நான்கு விரல் குறைத்துத் தைத்துவிட்டார். முப்பத்து நாலு வருடம் வீடு வீடாக நடந்து கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்த மனிதன், கடைசி நாளில் மேடை ஏறி மாலை வாங்கும்போது மொத்த அலுவலகமும் என் கணுக்காலைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து கேட்டால் அந்த ஆள் கூசாமல் சொல்கிறார்: "அளவு நான் சரியாத்தான் எடுத்தேன். நீதான் வளர்ந்துட்ட." ஐம்பத்தெட்டு வயதில், மாப்பிள்ளை!

கொஞ்சம் இருங்கள். கதவு திறந்த மாதிரி இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இல்லை. யாரோ வாளி எடுத்துக்கொண்டு போகிறார்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆறு வருடமாக அவர் சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அவரிடமும் உங்கள் மாமியார்தான் எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். போன மாதம் அவர் ஒரு சட்டைப் பையின் வாயையும் சேர்த்துத் தைத்து, சட்டைக்காரர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வலது கண்ணில் புரை. இடது கண்ணில் மூன்று வருடத்துக்கு முன்பே ஆபரேஷன் ஆகிவிட்டது. அது நன்றாக இருக்கிறது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். உங்கள் மாமியார் என் முன்னால் வந்து நின்று, "அத்தானுக்குக் கண்ணுதான் சோறு போடுது. ஃபார்ம் நிரப்பறதுக்கு உங்க கௌரவம் ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றாள். அவள் இடுப்பில் கை வைத்துப் பேசினால் நான் மறுப்பதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி பிறந்த வருடம். நான்கு எண்ணை அடித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அடிக்க விடவில்லை. தொட்டால் ஒரு பட்டியல் கீழே இறங்குகிறது. இந்த வருடத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிறது. என் சகலைக்கு வயது அறுபத்தைந்து, மாப்பிள்ளை. நான் உருட்டினேன். நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருடம் போயிற்று, என் மகள் பிறந்த வருடம் போயிற்று, எனக்கு வேலை கிடைத்த வருடம், நான் எட்டாவது ஃபெயிலான வருடம் எல்லாம் போயின. ஒரு விரல் அதிகமாக அழுத்தியதில் நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னால் போய்விட்டேன். பட்டியல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரை இருக்கிறது. யாருக்காக அதை அங்கே வைத்திருக்கிறீர்கள்? அவர் வந்தால் கண் ஆபரேஷனா கேட்கப் போகிறார்?

அடுத்தது, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு. இங்கேதான் என் வாழ்க்கை தடம் புரண்டது. மறுபடியும் இறங்கும் பட்டியல். அதில் ஒன்பது பேர். சகோதரர், மகள், தந்தை, கணவர், தாய், மற்றவர், சகோதரி, மகன், மனைவி. இது என்ன வரிசை என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பெரியவர் சின்னவர் வரிசையும் இல்லை, அகர வரிசையும் இல்லை. பிறகுதான் புரிந்தது, ஆங்கிலத்தில் எழுத்து வரிசையாக இருந்ததை அப்படியே தமிழாக்கி, இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறீர்கள். மொழி மாறியது, யாரும் இடம் மாறி உட்காரவில்லை. சரி, அதுகூடப் போகட்டும். சகலை எங்கே? மாமா, மச்சான், மைத்துனி, மருமகன், சித்தப்பா ஒருவரும் இல்லை. நீங்களே என் ஆபரேஷனுக்கு வந்தாலும் உங்களுக்கும் அதில் இடமில்லை, அதை யோசித்துப் பார்த்தீர்களா? மீதி இருப்பது "மற்றவர்". ஆறு வருடமாகப் பேசாவிட்டாலும் அந்த மனிதருக்கு நான் மற்றவனா? எனக்கே என்னவோ போலிருந்தது. யோசித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சகோதரர்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுத்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த கேள்விக்குப் போக மவுஸின் சக்கரத்தைக் கீழே உருட்டினேன். பக்கம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் உருட்டினேன். நகரவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே, பலமாக உருட்டினேன். உருண்டது பக்கம் இல்லை, மாப்பிள்ளை. நான் சகோதரரிலிருந்து மகளாகி, தந்தையாகி, கணவராகி, தாயாகி, வரிசையாக எல்லாப் பிறவியும் எடுத்து, கடைசியில் மனைவியாகப் போய் நின்றேன். நின்றது எனக்குத் தெரியாது.

எந்தக் கண் என்ற கேள்வியை நான் பார்க்கவே இல்லை. ஏனென்றால் அது கேள்வி மாதிரியே இல்லை. "கண்: இடது" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒரு மனிதனுக்கு இருப்பதே இரண்டு கண். இரண்டையும் எதிரெதிரே வைத்து, எதையும் குறிக்காமல், எது என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் சரியாகச் சொல்லுவான். ஒன்றைப் பட்டியலுக்குள் மடித்து வைத்துவிட்டு மற்றதை நீங்களே முடிவு செய்தால் எப்படி?

அதற்குக் கீழே ஒவ்வாமை. சின்னச் சின்னக் கட்டங்கள், எண்ணிப் பார்க்கவில்லை. மேலே "அனைத்தும்" என்று தனியாக ஒரு கட்டம். அனைத்தையும் படித்துவிட்டேன் என்பதற்கு என்று நினைத்து ஒரு டிக் போட்டேன். அனுப்பினேன். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் போனில் செய்தி வந்தது. "வணக்கம். உங்கள் கணவரின் இடது கண் அறுவைச் சிகிச்சை வியாழன் காலை எட்டு மணிக்கு உறுதி செய்யப்பட்டது."

இரண்டு தடவை படித்தேன். உங்கள் மாமியாரிடம் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள். இடது என்ற சொல்லுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லா இருக்கிற கண்ணுங்க அது" என்றாள். அன்றிலிருந்து நான் உட்காரவில்லை என்றே சொல்லலாம்.

மறுநாள் புதன்கிழமை, ஆஸ்பத்திரி திறக்கும்போதே கண்ணாடிக் கவுண்டர் முன்னால் நின்றேன். உள்ளே இருந்த பெண் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "மாத்தணும்னா ஃபார்ம் நிரப்பினவங்கதான் சார் வரணும். பேஷண்டோட மனைவி வரலியா?" என்றாள்.

"அவங்க தவறிப்போய் ஒம்பது வருஷம் ஆச்சும்மா."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நேத்து காலைல பதினொண்ணே முக்காலுக்கு நிரப்பியிருக்காங்களே."

"அது நான்தாம்மா."

"நீங்க மனைவியா?"

பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "நான் சகலை" என்றேன். அவள் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ் தேடினாள். "அப்படி ஒண்ணு இல்லியே சார்." இல்லாததால்தானே அம்மா இவ்வளவும் என்று ஆரம்பித்து, சக்கரம் உருண்டது வரை சொல்லி முடித்தேன். நல்ல பெண். சிரிக்காமல் கேட்டாள், உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள். உறவைச் சகோதரர் என்றும் கண்ணை வலது என்றும் மாற்றினாள். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா தியேட்டருக்கு நேத்தே பிரிண்ட் போயிருக்கும் சார். எதுக்கும் நாளைக்கு வரும்போது வாயால ஒரு தடவ சொல்லிடுங்க" என்றாள்.

எதுக்கும்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க எப்படி இருப்பது? வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். உங்கள் மாமியார் கூட்டிக்கொண்டிருந்தாள், கூட்டிய இடத்திலேயே நடந்தேன். கடைசியில் அவளே, "படி ஏறிப் போய் நீங்களே அத்தான்கிட்ட சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். போனேன், மாப்பிள்ளை. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படிகளில் ஏறினேன். பதினெட்டுப் படி. கதவைத் தட்டினேன். திறந்தார். ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன். வெளிச்சம் என் முதுகுப் பக்கம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாருங்க?" என்றார். மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்பது போல. "தப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கீழே வந்து உங்கள் மாமியாரிடம், அவர் தூங்குகிறார் என்றேன்.

மணி ஒன்பதே கால். இதை இருபது நிமிட வேலை என்றார்கள். உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொரு தடவை கதவு வரை போய் வருகிறேன்.

காவலாளி, "சார், நீங்க நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது" என்கிறார். உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை காரில் அவர் முன் சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். நான் உங்கள் மாமியாரின் காதில் சொன்னேன், அவள் முன்னால் குனிந்து சொன்னாள்: "அத்தான், உள்ள போனதும் வலது கண்ணுன்னு மறக்காம சொல்லணுமாம்." அவர் திரும்பாமலே, "எந்தக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியாதா? அவன்கிட்ட சொல்லு" என்றார். காரோட்டி எங்கள் மூவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். இங்கே வந்ததும் நர்ஸ் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு அவரை அழைத்துப் போனாள். தாள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முப்பத்து நாலு வருடம் மீட்டரை எல்லாக் கோணத்திலும் படித்தவன் நான், தலைகீழும் எனக்கு ஒன்றுதான். "இடது" என்று இருந்தது. "சிஸ்டர், வலது! வலது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கதவு சாத்திக்கொண்டது. காவலாளி என் தோளைப் பிடித்து, வலது பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார். அப்போதுதான் உங்கள் மாமியாரின் பையிலிருந்து நோட்டை வாங்கி இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆனால், மாப்பிள்ளை, நான் உங்களைச் சொல்வேனா, என்னைச் சொல்வேனா? என்னைத்தான் சொல்லிக்கொள்வேன். ஆனால் உங்களையும் சும்மா விடமாட்டேன். ஒரு பேண்டுக்காக

நர்ஸ் கூப்பிடுகிறாள்.

மாப்பிள்ளை, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

"பேஷண்டோட அண்ணன் யாரு?" என்று கேட்டுக்கொண்டு நர்ஸ் வந்தாள். நான்தான் என்றேன். "உங்க தம்பிக்கு இருபத்தாறு அலர்ஜின்னு போட்டிருக்கு சார். பஞ்சு, பிளாஸ்திரி, சொட்டு மருந்து, முட்டை, தூசு, பூனை முடி வரைக்கும். அவரைக் கேட்டா தனக்கு ஒண்ணுமே இல்லேங்கிறாரு. டாக்டர் ரிஸ்க் எடுக்க முடியாதுன்னு ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாரு. எதைத் தொட்டாலும் இந்த ஆளுக்கு ஒத்துக்காதுன்னா நாங்க எதை வச்சு ஆபரேஷன் பண்றது? யாரு சார் இதை நிரப்பினது?"

கையைத் தூக்கினேன். "அனைத்தும்னா படிச்சாச்சுன்னு நெனச்சேம்மா."

உங்கள் மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது போகட்டும் சிஸ்டர், கண்ணு? எந்தக் கண்ணு?"

"வலதுதான். உள்ள படுக்க வச்சதும் அவரையே கேட்டு, டாக்டரும் பார்த்து, புருவத்துக்கு மேல பேனாவால குறி போட்டாச்சு. பேப்பரைப் பார்த்து மட்டும் யாராவது கண்ணுல கை வைப்பாங்களா சார்?"

மூன்று நாள், மாப்பிள்ளை. மூன்று நாள் நான் நடந்த நடைக்குப் பாதி ஊருக்கு ரீடிங் எடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான் ஆயிற்று. கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு, அதற்கு மேலே நெற்றியில் ஒரு அம்புக்குறி. என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உங்கள் மாமியார் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டுமென்றேதான் போயிருக்க வேண்டும், மருந்துக் கடையில் கூட்டமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அண்ணன்னு போட்டியாமே?" என்றார் சகலை. சுவரிடம்தான் கேட்டார்.

"சகோதரர்னுதான் இருந்துச்சு."

"உன்னைவிட நான் பதினோரு மாசம் மூத்தவன். தம்பின்னு போட்டிருக்கணும்."

"தம்பி பட்டியல்ல இல்ல."

கட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சகலையும் இல்லியாமே? உன் வீட்டுக்காரி சொன்னா."

"இல்ல. மத்தவர்னு ஒண்ணு இருந்துச்சு."

"அத ஏன் போடல?"

ஆடுகிற காலைக் கையால் அமுக்கிப் பிடித்தேன். அவர் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பி, கட்டில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார். "சரி விடு. இருந்ததுல நல்லதாத்தான் எடுத்திருக்க" என்றார். பிறகு, "நேத்து கதவைத் தட்டினது நீதானே? அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். உங்கள் மாமியார் திரும்பி வந்தபோது நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், சொட்டு மருந்தை யார் ஊற்றுவது என்று. நான்தான் ஊற்றப் போகிறேன். தினமும் நான்கு வேளை, பதினெட்டுப் படி.

ஆனாலும் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடமாட்டேன். ஒரு மாமனாரின் தாழ்மையான விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பதில்தான் என்றால் எல்லாவற்றையும் கண்ணெதிரே பரப்பி வையுங்கள், மடித்து ஒளிக்காதீர்கள். எங்களுக்காக நீங்களே பதிலைக் குறித்து வைக்காதீர்கள். எண்ணை அடிக்கத் தெரிந்தவனை அடிக்க விடுங்கள். பட்டியல் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் இரண்டு எழுத்து அடித்ததும் வந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள். அந்தச் சக்கரத்தை என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது, பக்கத்தை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள், மனிதர்களை நகர்த்த வேண்டாம். "அனைத்தும்" என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பூனை முடி முதற்கொண்டு எல்லாமே ஒத்துக்கொள்ளாத ஒருவர் உலகத்தில் இருந்தால் அவர் பொறுமையாக இருபத்தாறு டிக் போடட்டும். உறவுகளுக்கு ஒரு காலிக் கட்டம் கொடுங்கள். எங்கள் உறவு எங்களுக்கு எழுதத் தெரியும்.

மேலே காலியாக விட்ட வரியை இப்போது நிரப்புகிறேன்: இங்கே எல்லோரும் நலம். நீங்களும் என் மகளும் கண்ணும் கருத்துமாக நூறாண்டு வாழ வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கங்கள். கடிதத்தில் எங்காவது குரல் உயர்ந்திருந்தால் அது வராந்தாவின் கோளாறு.

என்றும் உங்கள் மீது மதிப்புள்ள,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் நல்ல செய்தி சொல்ல மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "ஐயோ அப்பா, ஆபரேஷன் ஃபார்ம் செஞ்சது வேற யாரோ. இவரு செஞ்சது அந்த ஆஸ்பத்திரியோட புகார் ஃபார்ம்ப்பா" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். அதோடு விடவில்லை, வராந்தா மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உங்கள் படிவத்தைத் திறந்து, ஆபரேஷன் படிவத்தின் மேல் ஒரு புகார் கொடுத்தேன். புகார் எதைப் பற்றி என்பதற்கு ஆறே ஆறு பதில், ஆறும் கண்ணெதிரே இருந்தன. எதையும் முன்கூட்டிக் குறித்திருக்கவில்லை. உறவு என்ன என்பதற்குக் காலிக் கட்டம். சகலை என்று அடித்தேன், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டது. சக்கரத்தை வேண்டுமென்றே உருட்டிப் பார்த்தேன், நான் சகலையாகவே இருந்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை. எழுந்து வர மனசே வரவில்லை. அதனால் குழாய் சொட்டுகிறது, மின்விசிறி சத்தம் போடுகிறது, காவலாளி தோளை அழுத்திப் பிடிக்கிறார் என்று இன்னும் மூன்று புகார் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது சகலையும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன குறை என்று கேட்டால், அதெல்லாம் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம் என்கிறார்.